மே மாத பக்திமானுக்குத் தாத்தா சொல்லும் யோசனை

ஏல பேராண்டி, நாற்காலிய இழுத்துப் போட்டு இங்கன உக்காரு. மேற்குத் தாம்பரத்துல ஃபிளாட்டு வாங்கியாச்சு, பங்குல சந்தா கட்டியாச்சு, அன்பியத்து வாட்ஸப்புல தினம் காலைவணக்கம் போடுத. பெரிய மனுசந்தான். இந்த வெயில்ல பக்தியக் காப்பாத்துத வழி மட்டும் உனக்குத் தெரியல, நான் சொல்லுதேன் கேளு.

ஞாயித்துக்கிழமை பூசைக்கு முந்தியே போயிரு. மோட்சத்துல இடம் இருக்கும், ஃபேனுக்குக் கீழதான் இருக்காது. அக்கினி நட்சத்திரத்துல நம்ம சனம் ஒரு கைக்குட்டைய ஃபேனுக்கு நேர் கீழ பெஞ்சுல விரிச்சிட்டு, வெளிய கெபிக்கு முன்னால நின்னு ஊர்க்கதை பேசும். நீயும் விரி. பிரசங்கம் நீளுதுன்னு மட்டும் முணங்காத. சாமியாரு வெள்ள அங்கிக்கு மேல பூசை உடுப்பையும் போட்டுக்கிட்டு நிக்காரு. உன்னவிட அவருக்குத்தான் சீக்கிரம் முடிக்க ஆச.

அடுத்தது உம்மவ புதுநன்மை. பத்தாம் பத்திநாதர் பாப்பானவரு 1910லயே சொல்லிட்டாரு, ஏழு வயசு வாக்குல பிள்ளைக்கு விவரம் வந்தா நன்மை குடுக்கலாம்னு. விவரம் பிள்ளைக்குத்தான் கேட்டாரு, அப்பனுக்குக் கேக்கல. அந்தத் தைரியத்துலதான நீ ஜிஎஸ்டி ரோட்டுல மண்டபம் பாக்க? கோடை விடுமுறை பூரா அந்தச் சின்னது மறைக்கல்வி வகுப்புல மந்திரம் படிச்சு மனப்பாடம் பண்ணியிருக்கு. நீ போட்டோக்காரன்கிட்ட ட்ரோன் உண்டான்னு கேக்க. கேளு மக்கா, வானதூதர் மேல இருந்து பாக்குதது போதாதுல்லா!

பரங்கிமலைக்குக் குடும்பத்தோட போறியாமே. காருலயே மேல போயிரு. 1726ல கோஜா பெட்ரஸ் உஸ்கான்னு ஒரு அர்மேனிய வியாபாரி கைக்காசப் போட்டு அந்த மலைக்குப் படி கட்டினாரு, சைதாப்பேட்டைல ஆத்துக்குப் பாலமும் கட்டினாரு. அவருக்கு என்ன, வேற வேலை இல்ல. மலைமேல இருக்கது 1523ல போர்த்துகீசியர் எடுத்த கோயில். உள்ள இருக்க கல்லுச் சிலுவை 1558ல டிசம்பர் மாசம் பூசை நேரத்துல வேர்த்துதுன்னு எழுதி வச்சிருக்காவ. மார்கழியில கல்லுக்கே வேர்த்திருக்கு. நீ ஏசி காருல இறங்கின ஒடனே ‘உஸ்ஸு’ங்க.

வாரவழியில சின்னமலைக்கும் போ. தோமையார் பாறையில அடிச்சாரு, ஊத்து வந்துதுன்னு அங்கன ஐதீகம். நம்ம காம்பவுண்டுல ரெண்டு போர் போட்டும் காத்துதான் வருது. வேணும்னா அச்சிறுபாக்கம் மழை மலை மாதாகிட்ட கேளு, பேருலயே மழைய வச்சிருக்கா. ஆனா அளவச் சொல்லிக் கேக்கணும், கேட்டியா. 2015ல முடிச்சூர்ல, வரதராஜபுரத்துல படகு ஓடினது மறந்திராத.

இப்பம் முக்கியமான காரியம், வீட்டு ஜெபமாலை. மே மாசம் மாதா வணக்க மாசம், தெருத்தெருவா சுரூபம் வரும். நேத்து செல்வி அக்கா மாதாவ மடியில இடுக்கிக்கிட்டு ஷேர் ஆட்டோவுல வந்து இறங்கினா. டிரைவரு மாதாவுக்குக் காசு வாங்கல, அக்காகிட்ட வாங்கிட்டான். ஏழு மணிக்கு ஆரம்பம், ஏழரைக்கு உனக்கு ஐபிஎல். அதனால முன்னால இருந்து நீயே மந்திரம் சொல்லு. நாலாவது பத்து வாரப்ப ‘அருள்’ங்கதும் ‘ஆமென்’ங்கதும் மட்டும் காதுல விழுந்தாப் போதும், நடுவுல உள்ளத மாதாவே நிரப்பிக்கிடுவா. வியாழக்கிழமை தப்பிச்சுக்கிடலாம்னு நெனைக்காத. 2002ல ரெண்டாம் யோவான் பவுல் ஒளியின் தேவ ரகசியம்னு வியாழனுக்குப் புதுசா அஞ்சு சேத்துட்டாரு. அதே வருசந்தான் நம்மள மயிலாப்பூர்ல இருந்து பிரிச்சு செங்கல்பட்டு மறைமாவட்டம் ஆக்கினாவ. வீடு மாறாமலே ஆயர் மாறின ஆளுக நாம.

ஜெபமாலையில ஒரு ஆபத்து உண்டு, அத இப்பமே சொல்லிருதேன். நடக்கைல கண்ணத் தொறந்துராத. தொறந்தா மூணாவது மாடி அன்னம்மா கிழவி தனியா இருக்கது தெரியும். மவன் துபாயில இருக்கான், பிரஷர் மாத்திரை தீந்து நாலு நாளாச்சுன்னு பாயசம் குடிக்கைல அவளே சொல்லிருவா. எதுத்த வீட்டு சரோஜா அம்மா, நம்ம சாமி இல்லாட்டியும், பிளாஸ்டிக் நாற்காலி பூராவும் குடுத்து, மாதாவுக்கு மல்லிப்பூச் சரமும் போட்டு, கடைசி பத்து வரைக்கும் நிப்பா. அவ பேரனுக்குக் கணக்கு வரல, நீ கணக்குல புலின்னு யாரோ போட்டுக் குடுத்திருவாவ. அப்புறம் மருந்துக் கடைக்கு யாரு போறது, ட்யூசன் யாரு எடுக்கது? வருசம் பூரா லிஃப்டுல போனப் பாத்துக்கிட்டே தப்பிச்ச பாடெல்லாம் வீணாப் போயிரும். அதுக்குத்தான் சொல்லுதேன், கண்ண இறுக்க மூடு. பாக்கவியளுக்கு அம்புட்டும் பக்தியாத்தான் தெரியும்.

நாளைக்கு நம்ம வீட்டு முறை. பகல்லயே மோட்டார் போட்டுத் தொட்டிய நிரப்பி வையி. வாசல்ல செருப்பு குமியும், வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரு. அன்னம்மா கிழவிக்கு முழங்கால் வலி, லிஃப்டு பக்கத்துல நாற்காலி போடு. சுண்டலுக்குத் தேங்காய உன் பொண்டாட்டி கையால துருவச் சொல்லாத, நீ துருவு. போன வருசம் அதுல தேங்காயத் தேடினதுலதான் எனக்கு விசுவாசம் பெருகிச்சு.