தேயிலை மலையும் மரக்கறிப் பாத்தியும்

கேள்வி: உபுண்டு கணினியில், மூலநிரலிலிருந்து நாமே கட்டிய மென்பொருளை எந்தக் கோப்புறையில் நிறுவுவது?
– வாசகர், பலாங்கொடை

பதில்: தோட்டத்தில் பிறந்தவருக்குப் பாதி விடை தெரிந்ததுதான். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தேயிலை மலை நிர்வாகத்தின் பொறுப்பு. லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறிப் பாத்தி வீட்டாரின் பொறுப்பு. தேயிலை நிரைக்குள் மிளகாய்க் கன்று நட்டால், கவ்வாத்துக் கத்தி அதை விட்டுவைக்காது.

உபுண்டுவில் தேயிலை மலை ‘/யூஎஸ்ஆர்’. அங்கே ‘ஏபிடி’தான் கங்காணி. சொந்த மென்பொருளை அதற்குள் வைத்தால், அடுத்த மேம்படுத்தலில் ஏபிடி அதன்மேல் எழுதிவிடக்கூடும்.

மரக்கறிப் பாத்தி ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்’. 1994இல் தொடங்கி 2015இல் 3.0 பதிப்பைக் கண்ட லினக்ஸ் கோப்படுக்கு நெறிமுறை, அந்த இடத்தைக் கணினி நிர்வாகிக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளையும் பெரும்பாலும் அங்கேதான் கொண்டுபோய் வைக்கும்.

தனக்கு வேண்டிய நூலகங்களையெல்லாம் ஒரே கோப்புறையில் சுமந்து வரும் பெரிய மென்பொருளுக்கு ‘/ஒப்ட்’ பொருந்தும். நிர்வாகிக் கடவுச்சொல் இல்லாதவருக்கு ஹோம் கோப்புறைக்குள் ‘.லோக்கல்’ போதும்.

பாத்தியில் எல்லாம் கலந்துவிட்டால் களை எடுப்பது கடினம். அதற்கு ‘ஜிஎன்யூ ஸ்டோ’ உண்டு: ஒவ்வொரு மென்பொருளையும் தனிக் கோப்புறையில் வைத்து, உரிய இடங்களில் இணைப்புகளை மட்டும் போடும். வேண்டாதபோது ஒரே கட்டளையில் அந்த இணைப்புகளைக் கழற்றி, கோப்புறையை அழித்துவிடலாம்.