பதவி பார்க்கும் குச்சி

எங்கள் பெண்டாங்கிலிருந்து வடக்கே அலோர் ஸ்டாரைத் தாண்டினால் கூபாங் பாசு. 2020 ஜூலையில் சிவகங்கையிலிருந்து அங்கே திரும்பிய நாசி கண்டார் கடைக்காரர் ஒருவருக்கு, நாட்டுக்குள் வந்ததும் கோவிட் இருக்கிறதா என்று மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். நெகட்டிவ். வீட்டிலேயே கிட என்றார்கள். கிடக்கவில்லை, கடைக்குப் போனார். மாதக் கடைசியில் மறுபடி பார்த்தால் பாசிட்டிவ். மொத்தம் 45 பேருக்குத் தொற்று. அந்தத் திரளுக்குச் சுகாதார அமைச்சு வைத்த பெயர், சிவகங்கை.

அதே ஜூலையில் நம் ரப்பருக்கும் செம்பனைக்கும் அப்போது பொறுப்பாக இருந்த அமைச்சர் கைருடின் அமான் ரசாலி துருக்கிக்குப் போய்வந்தார். அவருக்கும் நெகட்டிவ். அவரும் வீட்டில் கிடக்கவில்லை, நேரே நாடாளுமன்றம்.

ஆய்வுக்கூடத்தைத் திட்டாதீர்கள். இந்த மூக்கில், இந்த நேரத்தில் கிருமி அகப்படவில்லை என்று மட்டுமே அது சொன்னது. அந்த ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றின் கணக்குப்படி, தொற்றிய நான்காம் நாளில் நோயுள்ள 100 பேரில் 67 பேரைப் பிசிஆர் கோட்டைவிடும். நன்றாகப் பிடிக்கும் எட்டாம் நாளில்கூட 20 பேர் நழுவுவார்கள். சோதனையை நம்ப முடியாது என்பதால்தானே அன்று 14 நாள் அடைப்பு வைத்தார்கள்! டிங்கியில் இதற்கு நேர் எதிர்: என்எஸ்1 சோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் உருப்படி. சம்பளம் போகுமே என்று ஆறு நாள் காய்ச்சலோடு மரம் சீவிவிட்டு வருகிறவனுக்கு அதை மட்டும் எடுத்தால் சீட்டில் என்ன வரும்? கிராணிக்கு அது போதும்: "நெகட்டிவ்தானே, நாளைக்குப் பெரட்டுக்கு வா."

சரி, தீர்ப்புக்கு வருவோம். கடைக்காரருக்கு 5 மாதச் சிறை, 12,000 ரிங்கிட் அபராதம். தப்பு செய்தார், அனுபவிக்கட்டும். அமைச்சருக்கு? 1,000 ரிங்கிட் கம்பவுண்டு. போதாதென்று நான்கு மாதச் சம்பளத்தைக் கோவிட் நிதிக்குத் தருவதாகப் பெருந்தன்மை வேறு! கடைக்காரரிடம் யாரும் இப்படிப் பேரம் பேசவில்லை. அமைச்சரால் யாருக்கும் தொற்றவில்லையாம். அது அவர் அதிர்ஷ்டம். அது தெரியும் முன்பே எந்தச் சட்டம் அவரை வெளியே விட்டது?

அக்டோபரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் விடை சொன்னது: வீட்டுக் கண்காணிப்பு உத்தரவான 14பி பாரம் அமைச்சருக்குக் கொடுக்கப்படவே இல்லை, ஆகவே வழக்கும் இல்லை. கொடுக்காமல் விட்டவர் யார் என்று கேட்டுவிடாதீர்கள், அதற்கும் ஒரு பாரம் இருக்கும். பெண்டாங் மக்களே, அடுத்த கொள்ளைநோயில் அதிகாரி அந்தத் தாளை நீட்டினால் கையை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.