கிரெயோன் கட்சி

சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி' பாடம் முடிந்ததும் வகுப்பு இரண்டுபடும். அரசாணையை மீறி ஆன்டிகனி உடன்பிறந்தவனை அடக்கம் செய்தது சரியே என்று ஒரு கட்சி. அரசாணை அரசாணைதான் என்று, அதைப் பிறப்பித்த மன்னன் கிரெயோனின் கட்சி. பெஞ்சைத் தட்டி, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டி, மணி அடிக்கும்வரை யாரும் இம்மியும் நகர்வதில்லை. அப்புறம் 'நான் கற்றது என்ன' என்று ஒரு பக்கம் எழுதவேண்டும். எல்லோரும் எழுதுவது ஒன்றே: மாற்றுக் கருத்தைக் காதுகொடுத்துக் கேட்கக் கற்றேன்.

கிரெயோனிடம் அவன் பெற்ற மகன் ஹேமோன் கெஞ்சியதும் இதைத்தான். கிரெயோன் காலங்கடந்து மனம் மாறிக் கிளம்பியும் மகனும் போனான், மனைவியும் போனாள். மாணவருக்கோ அரைமணியில் ஞானோதயம், பத்துக்கு ஒன்பது மதிப்பெண். சோஃபக்ளீஸின் இன்னொரு நாயகன் ஈடிபஸும் தன்னைத் தீர விசாரித்தவன்தான், கண்களைக் குத்திக்கொண்டான். பாவம், அதற்கு மதிப்பெண் அட்டவணையில் கட்டமே இல்லை.