முனைவருக்கு முறை எப்போது?

பழவேற்காடு ஏரியில் மீனவர்களுக்குப் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார், என்றைக்கு வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். ஊர், சாதி பார்த்துத்தான் அதில் இடம் என்பது பெரிய குறைதான். பல்கலைக்கழகத்தில் அதெல்லாம் இல்லை. யாருடைய மாணவர் என்று மட்டும் கேட்பார்கள்.

இந்தப் பாடு பற்றி உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஆய்வுக் கட்டுரைகள் வந்தாயிற்று. எழுதும் முனைவருக்குத்தான் முறை எப்போது வரும் என்று தெரியாது. மத்திய அரசின் தேசிய முதுமுனைவர் உதவித்தொகை இரண்டே வருடம். பொதுவாக வயது 35 தாண்டக்கூடாது. அதற்கும் முதலில் ஒரு பேராசிரியர் வழிகாட்டச் சம்மதிக்க வேண்டும். பட்டம் வாங்கித் தந்த பழைய வழிகாட்டி ஆகாது. புதியவருக்கு மின்னஞ்சல் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது, முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும்போது இறாலுக்குக் காத்திருப்பதுபோல.

கேள்வித்தாளோடு ஒரு முனைவர் குப்பத்துக்கு வருகிறார் என்று வையுங்கள்.

“ஐயா, உங்க வருமானம் நிலையானதா?”

“போன தடவை வந்த சாரும் இதத்தான் கேட்டாரு. உங்களுது எப்படி சார்?”

முனைவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்: “கடன் இருக்கா?”