முள் ஏறுதா?

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் எல்லாருமே கொஞ்சம் வண்டிப் பித்தர்கள்தான். மீட்டர் மாமா மட்டும் விதிவிலக்கு. அவருக்கு வண்டி ஒரு சாக்கு. பித்தெல்லாம் டாஷ்போர்டில் இருக்கும் முட்களின் மேல்.

உத்தரபாரா ஆலை 2014-ல் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்தியபோது ஊரே வருத்தப்பட்டது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இனி பார்ட்ஸ் கிடைக்காது, ஆகவே இனி எதையும் யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்!

ஞாயிறு காலை பனியனோடு இறங்கிவிடுவார். கையில் மல்டிமீட்டர், பல்லிடுக்கில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப். டிக்கிப் பக்கம் குனிந்து, பெட்ரோல் டேங்க் யூனிட்டின் வயரைக் கழற்றி பாடியில் தொடுவார். அப்படித் தொட்டால் முள் 'ஃபுல்' பக்கம் போக வேண்டும். போனால் மீட்டரும் வயரும் நலம், கோளாறு டேங்க் பக்கம். முள்ளைப் பார்த்துச் சொல்ல, முன்சீட்டில் ஓர் ஆள் வேண்டும். அன்று லீவுக்கு வந்த அக்கா மகன் அகப்பட்டான்.

"ஏறுதா?"

"இல்ல மாமா."

"இப்ப?"

"இல்ல மாமா."

"சாவி போட்டியா?"

"போடணுமா?"

சாவி போட்ட பிறகும் உடனே ஏறாது. உள்ளே ஈருலோகத் தகட்டின் மேல் சுற்றிய கம்பி சூடேறி, தகடு வளைந்து, அது முள்ளைத் தள்ள வேண்டும். சில விநாடிகள் ஆகும். மாமாவிடம் எல்லாம் உண்டு, அந்தச் சில விநாடிகள் மட்டும் கிடையாது. பையன் "ஏறுது மாமா!" என்று கத்தும்போது அவர் வயரை எடுத்து முடித்திருப்பார். "நான் எடுத்தப்புறம் எப்படிடா ஏறும்?" என்று, வயரிங் முழுவதையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்.

இதற்கு முந்தைய வாரம் கூத்து வேறு. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஜோடியாக உச்சிக்குப் போய் நின்றன. டேங்க் நிறையப் பெட்ரோல், ரேடியேட்டர் நிறையக் கொதிநீர்: சந்தோஷமும் சர்வநாசமும் ஒரே கண்ணாடிக்குள். இந்த இரண்டு மீட்டருக்கும் சராசரியாக 10 வோல்ட் மட்டும் போகும்படி விட்டுவிட்டு மின்சாரம் தரும் ஸ்டெபிலைசர் ஒன்று டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும். அதற்கு எர்த் விட்டுப்போனால் பேட்டரியின் முழு வோல்டேஜும் மீட்டர்களுக்குப் பாயும். இரண்டும் சேர்ந்து பொய் சொன்னால் முதலில் அங்கேதான் கை வைக்க வேண்டும். இது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எடுத்த எடுப்பில் அங்கே போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது? எனவே டெம்பரேச்சர் சென்சாரைக் கழற்றி, மாமி ரசம் வைக்கும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தார். சூடு ஏற ஏற ஓம்ஸ் இறங்கியது. சென்சார் நல்லதுதான். பாத்திரம் அன்றோடு சமையலறையை விட்டு விலக்கப்பட்டது.

இந்த வாரக் கோளாறுக்கு வாட்ச்மேன் ஆரம்பத்திலேயே சொன்னார்: "டேங்க்ல எர்த் இல்ல சார், போல்ட்டெல்லாம் துரு." மாமா சிரித்தார். புதுப்பேட்டையில் அலைந்து ஒரு டேங்க் யூனிட் வாங்கினார், மாட்டினார், முள் அசையவில்லை. கடைசியில் யாரும் பார்க்காத நேரத்தில் உப்புத்தாள் எடுத்துத் துருவைத் தேய்த்தார். முள் கம்பீரமாகப் பாதியில் நின்றது.

மாமா முகம் தொங்கிவிட்டது. பின் பம்பரைப் பிடித்து வண்டியை ஆட்டி, பெட்ரோல் தளும்பும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பாதிதான். அப்போதும் மனம் ஒப்பவில்லை. "எதேச்சையா காட்டுது" என்றார்.

ஸ்பீடோமீட்டர் முள் 40-க்கும் 60-க்கும் நடுவே ஆடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் இப்போதைக்கு ஆறுதல். கேபிள் உலர்ந்திருக்கும் அல்லது எங்கோ மடங்கியிருக்கும். அதை அவர் ஆவணி மாதத்துக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறார்.

அதற்குள் பழைய ஜீப் வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார். பெட்ரோல் முள் செத்துப்போச்சாம். மாமாவுக்கு உயிர் வந்தது. அம்பாசடர் பிரித்துக் கிடந்ததால் டூல்ஸ் பையோடு தெருமுனைக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினார்.

"மீட்டர் வேலை செய்யாது சார்" என்றார் டிரைவர், எல்லாரிடமும் சொல்வதுபோல.

மாமா பையைத் திறந்தார்.