ஓடில்லா நத்தை விசாரம்

மாடித்தோட்டத்துக் கத்தரி நாற்றின் குருத்தை இரவோடிரவாக அருந்திவிட்டு, விடியற்காலையில் பளபளக்கும் கோடொன்றை மட்டும் சாட்சியாக விட்டுச்செல்லும் ஓடில்லா நத்தையைப் பற்றி இதுகாறும் எழுந்துள்ள அபிப்பிராயங்கள் யாவும் மொட்டைமாடிகளிலும் மளிகைக் கடை வாசல்களிலும் சிதறிக் கிடத்தலின், அவற்றைத் திரட்டி முறைப்படுத்துதலே இவ்வாராய்ச்சியின் பிரயோஜனமாகும்.

முதற்கண் கொள்கலம். அது மண்தொட்டி, சிமெண்டுத் தொட்டி, வளர்ப்புப் பை, பழைய பெயிண்ட் வாளி என நால்வகைப்படும்.

இனி ஜந்துவின் லக்ஷணம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் மாடிகளில் காணப்படுவனவற்றுள், கறுத்த முதுகின் நடுவே வெளிறிய கோடு ஓடும் தட்டையான இனம் பிரசித்தமானது. நாவின்மேல் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசையுற அமைந்து, ஆண்மையும் பெண்மையும் ஓருடலிலேயே கூடியிருக்கும் இப்பிராணியில் எதிர்ப்படுவது எதுவாயினும் முட்டையிடும் தகுதி வாய்ந்ததாகையால், ஒன்றைக் கண்டு, ‘ஒன்றுதானே’ என்று ஆறுதல் கொள்வது தர்க்கத்துக்கு ஒவ்வாது.

நிவாரண மார்க்கங்களுள் உப்புக் கட்சி உடனே தள்ளத்தக்கது: உப்பு நத்தையின் உடல்நீரை வாங்கிக் கொல்லும், பின்னர் மண்ணிலேயே தங்கிக் கத்தரியையும் கொல்லும்.

முட்டையோட்டுக் கட்சியோ அவ்வளவு எளிதில் கடக்கத்தக்கதன்று. ஓட்டைக் கையால் நொறுக்கித் தொட்டியைச் சுற்றித் தூவவேண்டும் என்பார் ஸ்தூலவாதிகள். மிக்ஸியிலிட்டுப் பொடிக்கவேண்டும் என்பார் சூக்ஷ்மவாதிகள். ஸ்தூலவாதத்துக்குப் பிரமாணம், மூன்றாம் மாடி மாமி தண்ணீர்த் தொட்டியருகே புடவை உலர்த்துங்கால் அருளிய வாய்மொழி. சூக்ஷ்மவாதத்துக்குப் பிரமாணம், அம்மாமிக்கு அவருடைய நாத்தனார் தொலைபேசியில் உபதேசித்து, நடுவே பால்காரர் மணியடித்தமையால் பிற்பாதி கிடையாதுபோன சிதைந்த பாடம். இவ்விரண்டுக்கும் பொதுவுரையாக மாமியின் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னிருந்து மொழிந்த ‘ம்’ என்னும் ஓரெழுத்து விருத்தியுரை ஒன்றே எஞ்சியுள்ளது. அந்த ‘ம்’ உடன்பாடா, மறுப்பா, காபி கேட்டதா என்பதுபற்றி எதிர்ப்போர்ஷன்காரர் இரண்டு தீபாவளிகளாக ஆராய்ந்துவருகிறார். முட்டை நுழையாத வீட்டினர் அண்டைவீட்டு ஓட்டைக் காகிதத்தில் மடித்துக் கொல்லைப்புறமாக வாங்கிக்கொள்ளலாம் என்றும், ஆயின் அது மாமியார் கண்ணில் படலாகாது என்றும் ஒரு விதிவிலக்கு வழங்குகிறது.

இதற்கிடையே, இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கத்தார் முட்டையோடு, செப்புப் பட்டை முதலியவற்றை லெட்டூஸ் கீரைக்கு அரணாக இட்டுச் சோதித்து, இட்டதற்கும் இடாததற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணோம் என்று 2018-இல் அறிவித்தனர். செடியை நட்டு, நத்தையை நேரிற் பார்த்து முடிவுகூறும் இம்முறை நம் ஆராய்ச்சி மரபுக்கு முற்றிலும் புறம்பானதாகையால், இதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

பகலில் தொட்டியைத் தூக்கினால் அடியிலுள்ள ஈரத்தில் நத்தைகள் ஒண்டியிருக்கும் என்றும், மாலையில் ஊற்றும் தண்ணீரைக் காலைக்கு மாற்றி, இருட்டிய பின் டார்ச்சுடன் போய்ப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம் என்றும் கீழ்வீட்டில் பாத்திரம் தேய்க்கவரும் அம்மாள் கூறுகிறார். அவர் வீட்டுப் பெயிண்ட் வாளியில் கத்தரி காய்த்துத் தொங்குவதும் உண்மையே. எனினும், அவர் கூற்றுக்கு முன்னோர் மேற்கோள் யாதும் இன்மையானும், தொட்டியைத் தூக்குதல் இடுப்புக்கு ஆகாது என்பதில் மட்டும் எல்லாக் கட்சியாரும் ஒருமனப்பட்டிருத்தலானும், அது ஈண்டு ஆராயப்படவில்லை.