எட்டு டிராக்கும் ஒரு தகரக் கூரையும்

மல்டிடிராக் ரெக்கார்டர் என்பது ஓர் ஆளே நாலு ஆளாகப் பாடவும் வாசிக்கவும் உதவுகிற கருவி. முதலில் கிதாரை ஒரு டிராக்கில் பதிந்துகொள்ளலாம். அதை ஹெட்போனில் கேட்டபடியே அடுத்த டிராக்கில் பாடலாம். மூன்றாவதில் கஞ்சிரா, நான்காவதில் தனக்குத் தானே கோரஸ். எல்லாம் தனித்தனியாகக் கிடப்பதால் ஒன்றைக் கூட்டலாம், குறைக்கலாம், அடியோடு அழிக்கலாம். வாசிப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தையில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மாமா திங்கட்கிழமை வந்து தபேலா வாசித்துவிட்டுப் போகலாம். மச்சான் வியாழக்கிழமை வந்து கீபோர்டு வாசிக்கலாம். ஏற்காடு ஒன்றியத்தில் உள்ள வெள்ளக்கடையானாலும் சரி, கீழே சேலமானாலும் சரி, கூட்டுக் குடும்பத்தில் இந்தக் கருவியின் முதல் பயன் இதுதான். கையேட்டில் மட்டும் இதைப் போடுவதில்லை.

ஆதியில் இந்த வசதி கிடையாது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் பழைய வளைவு கண்ணில் படும். டி.ஆர். சுந்தரம் அதைத் தொடங்கிய 1935 வாக்கில் தமிழ் சினிமாவில் நடிகரே கேமரா முன் நின்று பாட வேண்டும். வாத்தியக்காரர்கள் படத்தில் விழாமல் மரத்துக்குப் பின்னாலோ தட்டிக்குப் பின்னாலோ ஒளிந்துகொண்டு வாசிக்க வேண்டும். ஒருவர் தும்மினால் எல்லோரும் முதலிலிருந்து. 1938-இல் ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடும் பழக்கம் வந்தது. குரலையும் ஆளையும் பிரித்து வைக்கலாம் என்று தெரிந்த பிறகு மற்றதெல்லாம் காசு விவகாரம்தான்.

வீட்டுக்குள் மல்டிடிராக் கேசட்டில் வந்தது 1979-இல். டாஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ 144 சாதாரண கேசட்டை இரட்டை வேகத்தில் ஓட்டி, இரண்டு பக்கத்துக்கும் உரிய நாடாவை ஒரே திசையில் பயன்படுத்தி, நான்கு டிராக் எடுத்தது. அறுபது நிமிடக் கேசட்டில் கால் மணி நேரம்தான் பதியும். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மாதிரிக்கென்று இதில் பதிந்து வைத்த பாட்டுகளைப் பிறகு இசைக்குழுவோடு வாசித்துப் பார்த்தும் சரிவராமல், அந்தக் கேசட்டிலிருந்தே 1982-இல் ‘நெப்ராஸ்கா’ என்ற ஆல்பம் வெளிவந்தது. இங்கே 1989-இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்து வீட்டை ஒட்டி பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தார். 1992-இல் ‘ரோஜா’ வந்தது. ரெக்கார்டர் வாங்கப் பணம் கேட்கும் எந்தப் பிள்ளையும் பெற்றோரிடம் சொல்வது இந்த உதாரணத்தைத்தான். அதற்குப் பிறகு வீட்டில் ஸ்டூடியோ வைத்த எத்தனை பேர் ரஹ்மான் ஆனார்கள் என்பது பெற்றோரின் மறுகேள்வி.

பணம் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொண்டால், அடுத்தது தேர்வு. இதில் ஏமாற வழி ஒன்று உண்டு. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது டிராக் எண்ணிக்கை. ஒரே நேரத்தில் எத்தனை டிராக் பதியும் என்பது பின்பக்கத்தில், மருந்துச் சீட்டு அளவு எழுத்தில் இருக்கும். டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் எட்டு டிராக் கருவி; ஆனால் ஒரு தடவைக்கு இரண்டுதான் பதியும். ஜூம் நிறுவனத்தின் ஆர்8-உம் அப்படியே. டாஸ்காமின் டிபி-24எஸ்டி 24 டிராக் வைத்திருக்கும். ஒரே நேரத்தில் எட்டு பதியும். முழு டிரம் செட்டையோ பஜனைக் கோஷ்டியையோ ஒரே மூச்சில் பிடிக்க வேண்டியவருக்கு எட்டு தேவை. ஒரு குரல், ஒரு கிதார், வருவாரோ மாட்டாரோ என்றிருக்கும் ஒரு மாமா, இதற்கு இரண்டு தாராளம். இருபத்து நான்கு டிராக் இருக்கிறதே என்று அத்தனையையும் நிரப்பியவரின் பாட்டில் கடைசியில் பாட்டைத் தேட வேண்டியிருக்கும்.

மெமரி பற்றிக் கவலை வேண்டாம். 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்குச் சுமார் 5.3 எம்.பி. பிடிக்கும். எட்டு டிராக்கில் ஐந்து நிமிடப் பாட்டு 212 எம்.பி. 32 ஜி.பி. கார்டில் நூற்றைம்பது பாட்டு அடங்கும். வீட்டார் முதல் பாட்டையே முழுதாகக் கேட்டு முடித்திருக்க மாட்டார்கள்.

ஏற்காடு மலையில் இதைவிடப் பெரிய விஷயம் கரண்ட். காற்றடித்து ஒரு சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் போதும். பல்லவியோடு பாட்டு நின்றுவிடும். டிபி-24எஸ்டி அடாப்டரில் மட்டுமே ஓடும். 008இஎக்ஸும் ஆர்8-உம் நான்கு பென்டார்ச் பேட்டரியில் ஓடும்; அவை மளிகைக் கடையிலேயே கிடைக்கும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பவர் அது எந்த வகை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விலை குறைந்த ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஃபேன் உறுமும். அந்த உறுமலை ரெக்கார்டரும் சிரத்தையோடு எட்டு டிராக்கிலும் பதிந்துவைக்கும்.

லேப்டாப் போதாதா என்ற கேள்வியும் வரும். போதும், லேப்டாப் ஏற்கெனவே இருந்தால் செலவும் குறைவு. ஆனால் அதில் மின்விசிறி ஒன்று இருக்கிறது. மெல்லிய இடத்தில் ராகம் இழுக்கும்போதுதான் அதற்கு வேர்க்கும். ரெக்கார்டரில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதியும், வேறொன்றும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரிந்த கருவியைவிட வாய் பேசாத கருவி பாட்டுக்கு உகந்தது.

மைக்கில் மலைக்கென்று ஒரு விதி உண்டு. கன்டென்சர் மைக் நுணுக்கமானது. 48 வோல்ட் ஃபேண்டம் பவர் கேட்கும், அது பேட்டரியைச் சீக்கிரம் குடித்துவிடும். மூடுபனி வீட்டுக்குள் வந்து உட்காரும் ஊரில் ஈரம் பட்டால் அது சடசடக்கும். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் 1966 முதல் எல்லா மேடையிலும் அடிபட்டுப் பழகியது. ஃபேண்டம் பவரும் கேட்காது. பக்கத்து வீட்டு நாயைக் கன்டென்சர் போலத் தெளிவாகவும் கேட்பதில்லை. இந்த ஒரு குறை நூறு நிறைக்குச் சமம். எந்த மைக்கானாலும் இரவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் கிடப்பது நல்லது.

அறைக்குப் பெரிய செலவு வேண்டாம். குளிர் ஊரில் கம்பளிக்குப் பஞ்சமில்லை. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் கொடி கட்டி இரண்டைத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். காலியான காப்பிச் சாக்குகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டலாம். சுவரில் முதுகு சாய்த்துப் பாடுபவர் சட்டையில் நார் ஒட்டிக்கொள்ளும், தொண்டையில் தூசி இறங்கும். அதனால் மாட்டுவதற்கு முன் வெளியே கொண்டுபோய் நன்றாகத் தட்டிவிட வேண்டும். கூரைதான் கைக்கு அடங்காதது. தகர ஷீட் போட்ட வீட்டில் தூறல் விழுந்தால் அது தாள வாத்தியம்; கனமழை விழுந்தால் அது மட்டுமே வாத்தியம். இதைக் குறைக்கும் பொத்தான் எந்த ரெக்கார்டரிலும் இல்லை.

ஆகவே கருவியைப் போலவே மாதத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மே மாதம் ஆகாது: கோடை விழா, மலர்க்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா என்று கொண்டை ஊசி வளைவுகள் இருபதிலும் ஹாரன். ஜூனிலிருந்து டிசம்பர் வரை இரண்டு பருவமழையும் முறை வைத்து வரும். அது ஓய்கிற நேரத்தில் காப்பிப் பழம் பறித்து முடியாமல், தோல் உரிக்கும் பல்பர் ஓடிக்கொண்டிருக்கும். மார்ச், ஏப்ரலில் காப்பி பூக்கத் தேவையான பூ மழையை எதிர்பார்த்து ஊரே வானத்தைப் பார்க்கும். பாட்டுக்காரர் ஒருவர்தான் அது வரக்கூடாது என்று நினைப்பார், அதை வெளியே சொல்வது உடம்புக்கு நல்லதல்ல. மிஞ்சுவது பிப்ரவரி. இரண்டு டிராக் பதிகிற, பேட்டரியில் ஓடுகிற சின்ன ரெக்கார்டர், ஒரு டைனமிக் மைக், காதை மூடும் ஹெட்போன் ஒன்று, இவை போதும். வாங்குகிறவர்கள் பொங்கலுக்கு முன்பே வாங்கி, பொத்தான்களைப் பழகிக்கொள்ளவும்.